தோண்டக் கிடைத்த குண்டும் நாங்கள் அனுப்பிய 1,150 வெள்ளியும்

2025 பிப்ரவரியில் எங்கள் தோட்டத்தில் மறுநடவு வேலை. பழைய செம்பனைகளைச் சாய்த்துவிட்டு கான் (வடிகால்) வெட்டிக்கொண்டிருந்த எக்ஸ்கவேட்டர் திடீரென்று நின்றது. ஓட்டிய இந்தோனேசியத் தம்பி குதித்து ஓடிவந்து, "கிராணி, பொம்!" என்றான். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், நான்தான்.

போய்ப் பார்த்தேன். பக்கெட்டின் பல்லுக்கு ஒரு முழம் தள்ளி, செம்மண்ணில் முக்கால்வாசி புதைந்து கிடந்தது. முழங்கை நீளம் இருக்கும். துரு ஏறி, வேர் சுற்றி, பார்க்க மரவள்ளிக் கிழங்கு மாதிரிதான் இருந்தது. அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு செம்பு வளையம் பச்சை பூத்திருந்தது. கிழங்குக்கு ஏது செம்பு வளையம்?

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7 விடியற்காலையில் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலையோடு இறங்கி, பஞ்சாபியரும் கூர்க்காக்களும் ஸ்காட்லாந்துப் படையினரும் நின்ற ரப்பர் காடுகளுக்கு நடுவே புகுந்து சிலிம் ஆற்றுப் பாலம் வரை போய்விட்டன. எங்கள் பாட்டி அந்தச் சத்தத்தைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரையும் தூரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவசர எண் 999க்கு அழைத்தேன். முதலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து படம் எடுத்து, மஞ்சள் நாடா கட்டினார்கள். மறுநாள் காலை ஈப்போவிலிருந்து வெடிகுண்டுப் பிரிவு வந்தது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "யாராவது தொட்டீர்களா, நகர்த்தினீர்களா?" உள்ளே இருக்கும் மருந்து இத்தனை வருஷமானாலும் வெடிக்கும், துருப்பிடித்த ஃபியூஸ் எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது, அதனால் எடுத்துப்போக மாட்டோம், இங்கேயே வெடிக்க வைப்போம் என்றார் அதிகாரி. பக்கத்து லயத்து ஆட்களைக் கிளப்பினோம். மணல் மூட்டை அடுக்கினார்கள். மூன்று மணிக்கு ஒரே சத்தம், ஆபீஸ் கண்ணாடி அதிர்ந்தது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது, ஒரு காசு செலவில்லை.

அன்று சாயங்காலம் மண்டோர் (கங்காணி) சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட அதே இடத்தில் இரும்பு ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்ததாம். தோண்டி எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போடலாமா என்று யோசித்தாராம். மழை வந்ததால் விட்டுவிட்டாராம்.

பழைய இரும்பு என்றதும் லாவோஸ் ஞாபகம் வந்தது. அங்கே இரும்பு பொறுக்கப் போய்க் கை கால் இழந்தவர்கள் ஏராளம். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்ட நாடு அது. அதில் கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. டென்னிஸ் பந்து அளவு, ஊர்க்காரர்கள் 'பொம்பி' என்பார்கள். ஏறக்குறைய 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. பிள்ளைகள் பந்து என்று எடுத்துவிடுகிறார்கள். எனக்கு 999 இருந்தது. அங்கே அந்த வேலை பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில் நடக்கிறது. 2016இல் ஒபாமா வியந்தியானுக்குப் போய் மூன்று வருஷத்துக்கு 9 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளைக்கு நிறுத்தி வைத்ததும் அந்தப் பணத்தில் நடந்த வெடி அகற்றும் வேலைகளும் நின்றன. எங்கள் குண்டு கிடைத்தது அதற்கு அடுத்த மாதம்.

மறுநாள் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும், லாவோசில் குண்டு அகற்றும் வேலைக்கு ஆளுக்கு முடிந்ததைப் போட்டு அனுப்பலாமா என்று கேட்டேன். ஒரு பெரியவர் கோபப்பட்டார். "வன்னியில நம்ம சனம் கண்ணிவெடிக்குப் பயந்து காலை வைக்க முடியாம நிக்குது, நீ லாவோசுக்கு அனுப்புறியா தம்பி?" அவர் கேட்டது நியாயம். தேடிப் பார்த்ததில், மான்செஸ்டரைத் தலைமையிடமாகக் கொண்ட மேக் (MAG) என்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்பு 1994 முதல் லாவோசிலும், 2002 முதல் இலங்கையிலும் வேலை செய்வது தெரிந்தது. 1997இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கிய கண்ணிவெடித் தடை இயக்கத்தில் அதற்கும் பங்கு உண்டு. கைப்பேசியில் காட்டினேன். படித்துவிட்டு 100 வெள்ளி (ரிங்கிட்) எடுத்துக் கொடுத்தார்.

சந்தையில் டின் குலுக்கலாம் என்றார்கள் இளைஞர்கள். விசாரித்தேன். தெருவிலும் வீடு வீடாகவும் பணம் வசூலிக்க 1947ஆம் வருஷச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அந்த வழியை விட்டுவிட்டு, கூட வேலை செய்பவர்களிடம் மட்டும் வாங்கி, நோட்டில் பெயர் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் கார்டு. மேக் அமைப்பின் இணையத்தளத்தில் இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் மறுத்தது. பணம் போயிற்றோ என்று பதறி வங்கிக்கு ஓடினேன். முகப்பிலிருந்த பெண் பொறுமையாக விளக்கினார்: டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும், நாமாகத்தான் செயலியில் போய்த் திறக்க வேண்டும். அனுப்ப நினைப்பவர்கள் இதை முதலில் செய்துவிடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள். இன்னொன்று, வெளிநாட்டு அமைப்பு என்பதால் இந்த ரசீதை வைத்து இங்கே வருமான வரிக் கழிவு கேட்க முடியாது. நான் கேட்கவும் இல்லை.

மூன்றாவது தடவை போயிற்று. 1,150 வெள்ளி, பவுண்டில் சுமார் 200. ரசீதை அச்செடுத்து, பெயர்ப் பட்டியலோடு பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டினேன். பட்டியலில் முதல் பெயர் அந்த எக்ஸ்கவேட்டர் தம்பியுடையது. 50 வெள்ளி கொடுத்திருந்தான்.