வளைஞ்சு போன ஷெல்ஃப்

நேத்து மண்பாண்டம் சுடுற சூளையை காலி பண்ணிட்டு, உள்ள பாத்திரம் அடுக்குற பீங்கான் ஷெல்ஃபை துடைக்கும்போது சும்மா ஒரு ஸ்டீல் ஸ்கேலை குறுக்க வச்சு பாத்தேன், நடுவுல ரெண்டு காயின் அடுக்கி சொருகலாம், அவ்ளோ சந்து. வாங்கினப்ப நேரா இருந்த பலகைங்க இது. ஆறின அப்புறம் கையால வளைக்கவே முடியாது, கீழ போட்டா ரெண்டா உடையும் அவ்ளோதான். ஆனா 1240 டிகிரில தட்டு, ஜாடி எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு மணிக்கணக்கா நிக்குதுல்ல, ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு தெரியாத அளவு தொங்கி தொங்கி இப்படி ஆயிருக்கு.

காரணம் சிம்பிள். இந்த மாதிரி பலகைல துகள்களுக்கு நடுவுல கொஞ்சம் கண்ணாடி இருக்கும், சூடு ஏறினா அது பாகு பதத்துக்கு வந்துரும், துகள் ஒன்னை ஒன்னு உரசிக்கிட்டு நகரும். கண்ணாடியே இல்லாத பீங்கான்லயும் அணுக்கள் துகளோட ஓரம் வழியா மெதுவா இடம் மாறும், அங்க துகள் சைஸ் பாதியானா வளையுற வேகம் எட்டு மடங்கு. நைசா இருந்தா ஸ்ட்ராங்னு நினைப்போம், சூட்டுல கதையே தலைகீழ். 1986ல ஜப்பான்ல வகாய்னு ஒருத்தர் ரொம்ப நைசான துகள் உள்ள ஜிர்கோனியாவை 1450 டிகிரில பிடிச்சு இழுத்தாரு, அது உடையாம ரெண்டு மடங்குக்கு மேல நீண்டுச்சு! பீங்கான் சார் அது, சூயிங்கம் இல்ல.

இந்த வளையுற குணத்தை வச்சுதான் நாங்க சூளையையே அளக்குறோம். செகர்னு ஒரு ஜெர்மன்காரர் 1886ல கொண்டு வந்த கோன், விரல் நீளத்துக்கு ஒரு கூம்பு, தன் வெயிட்லயே தலை சாஞ்சா சுட்டது போதும்னு அர்த்தம். மீட்டர் டிகிரி மட்டும்தான் சொல்லும், கோன்தான் எவ்ளோ நேரம் வெந்துச்சுங்கறதையும் சேத்து சொல்லும், மெதுவா ஏத்தினா கம்மி டிகிரிலயே சாஞ்சுரும்.

சரி ஷெல்ஃபுக்கு வருவோம். திருப்பி போட்டா அடுத்த சில சுடல்ல தானா நேராகிரும், ஆனா மேல பூசின அலுமினா, வெள்ளைக்களி பூச்சை மொத்தமா சுரண்டணும், இல்லன்னா கவுத்து போட்டதும் அது உதிர்ந்து கீழ இருக்குற பாத்திரத்தோட கிளேஸ் (பளபளப்பான கண்ணாடிப் பூச்சு) மேல விழுந்து ஒட்டிக்கும். ஆறு பலகைல ரெண்டு முடிச்சிருக்கேன், மாஸ்க் போட்டும் மூக்கு பூரா தூசி.