பவர் வீடருக்குப் புது செல்ஃப் மோட்டார்

பாலக்கோடு பக்கம் எங்கள் தக்காளி வயலில் களை எடுக்கும் பவர் வீடரின் செல்ஃப், அதாவது சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார், போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கயிறு இழுத்தும் ஓட வைக்கலாம்தான். ஆனால் டீசல் எஞ்சின், ஒற்றை சிலிண்டர்தான் என்றாலும் தோள்பட்டையைக் கழற்றிவிடும். எஞ்சின் தலையில் இருக்கும் சிறு நெம்புகோலை அழுத்திவிட்டு இழுத்தால் சுலபமாகச் சுற்றும். 68 வயது அப்பா அந்த நெம்புகோலை மறந்துவிட்டே இழுப்பார். அந்த வலியை இரவில் தைலம் தேய்த்துக் கேட்பவன் நான்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம். பேட்டரியில் மீட்டரை வைத்தேன்: 12.6 வோல்ட். திருப்பும்போதும் 12.4-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி செத்திருந்தால் எட்டு, ஒன்பதுக்கு விழுந்திருக்கும். மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை என்று புரிந்தது.

எதிர்மின் முனையை முதலில் கழற்றினேன். அது இணைந்தே இருந்தால், நேர்மின் முனையில் கை வைக்கும்போது ஸ்பானர் எஞ்சின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். மோட்டாரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். மேல் போல்ட் வந்துவிட்டது. கீழ் போல்ட் சேறும் துருவும் சேர்ந்து கல்லாகிப்போய், இரவு முழுக்க டீசல் ஊற்றி ஊறவிட்ட பிறகுதான் அசைந்தது.

திறந்து பார்த்தால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் இரண்டும் கடலைப் பருப்பு அளவுக்குத் தேய்ந்திருந்தன. பிரஷ் மட்டும் மாற்றலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது உரசும் செம்புப் பட்டைகளில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். ஒரு பட்டை கருகியே போயிருந்தது.

பழையதைச் சாக்குப் பையில் சுற்றிக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் எடுத்து வைத்த புது மோட்டார் பார்வைக்கு அதேதான். “பல்லை எண்ணிப் பார்த்தீர்களா தம்பி?” என்று அவரே கேட்டார். பழையதின் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரத்தில் 9 பல், அதில் 11. அப்படியே மாட்டியிருந்தால் எஞ்சினின் கனமான சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையத்தை (ரிங் கியர்) கடித்துக் குதறியிருக்கும். 9 பல், அதே சுழலும் திசை, அதே போல்ட் துளை என்று மூன்றும் பொருந்தும் வரை தேடி எடுத்துக் கொடுத்தார்.

மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். சோம்பேறித்தனமாக ‘ர்ர்ர்’ என்று அரைச் சுற்று சுற்றி நின்றது.

“ஏன்டா, புதியதற்கும் இதே கதிதானா?” என்றார் அப்பா.

கோபத்தை அடக்கிக்கொண்டு மீட்டரின் ஒரு வயர் முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்து, அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னேன். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. எதிர்மின் முனையை எஞ்சின் உடம்போடு இணைக்கும் எர்த் வயரின் வளையம் உட்காரும் இடத்தில் பெயின்ட்டும் துருவும். உப்புத்தாள் வைத்து இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். பழைய மோட்டாரின் பிரஷ்ஷைத் தின்றதும் இதுதான் என்று நினைக்கிறேன். மெதுவாகவே சுற்றியதால் ஒவ்வொரு முறையும் நெடுநேரம் திருப்பித் திருப்பி அதைச் சூடேற்றியிருக்கிறோம்.

அடுத்த திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இப்போது அப்பா கயிற்றைத் தொடுவதே இல்லை. ஆனால் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் இரண்டு நொடி சாவியை விடாமல் பிடித்திருக்கிறார். புது மோட்டாரின் பல் ஒவ்வொரு முறையும் அலறுகிறது. இதற்கு அவரோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.