மிசிசிப்பி கிராமப் பள்ளியில் மகனுக்கு மதிப்பீடு கேட்டுப் பெற்ற அனுபவம்

ஜே-1 விசாவில் அமெரிக்கா வரும் மருத்துவர்கள் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும். மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினால் அதிலிருந்து விலக்கு உண்டு. என் கணவர் அந்த வழியில்தான் மிசிசிப்பி டெல்டாவுக்கு வந்தார். பருத்தியும் சோயாவும் விளையும் சமவெளி. கவுண்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதிக்கு, சில பள்ளிகள்தாம். மகன் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தான்.

வாய் ஓயாமல் கதை சொல்பவன், புத்தகத்தைத் திறந்தால் திணறினான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்த மாநிலத்தில் மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் தேறாவிட்டால், சில விலக்குகள் தவிர, அதே வகுப்பில்தான் இருக்க வேண்டும். எனக்குப் பதற்றமாக இருந்தது. பள்ளியில் கேட்டபோது, "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். இரண்டு மொழி என்றால் தாமதமாகத்தான் வரும், பொறுங்கள்" என்றார்கள்.

என் மனம் ஒப்பவில்லை. பழமும் பட்டமும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்பதைக்கூட அவனால் பிடிக்க முடியவில்லை. சிக்கல் தமிழிலும் இருக்கும்போது ஆங்கிலம் எப்படிக் காரணமாகும்?

சிறப்புக் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டத்தின் வேர் 1975இல் இருக்கிறது. அதன்படி, பிள்ளைக்குக் கற்றலில் குறைபாடு உண்டா என்று பார்க்கும் மதிப்பீட்டைப் பெற்றோர் பள்ளியிடம் கேட்கலாம், கட்டணம் இல்லை. பள்ளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆகவே தேதியிட்டு ஒரு கடிதம் எழுதினேன். பழம், பட்டம் உட்பட வீட்டில் கவனித்த அனைத்தையும் அதில் சேர்த்தேன். நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினேன். வாய்மொழியாகக் கேட்டபோது நகராத விஷயம் அதன்பிறகு நகர்ந்தது. ஒப்புதல் படிவத்தில் நாம் கையெழுத்திட்டுக் கொடுத்த நாளிலிருந்துதான் மதிப்பீட்டை முடிப்பதற்கான 60 நாள் கெடு ஓடும். அதனால் படிவத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மதிப்பீடு செய்த உளவியலாளர் ஒருவரே பல பள்ளிகளைப் பார்ப்பவர். அந்த அவசரத்திலும் பொறுமையாக உட்கார்ந்தார். மகன் எப்போது முதல் சொல் பேசினான், தமிழ் எழுத்துகள் தெரியுமா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் கடிதத்தின் தமிழ் உதாரணங்களில் அடிக்கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன்.

மதிப்பீட்டுக்குப் பின் பள்ளியில் நடந்த கூட்டத்தில் மகன் வாசித்த தாளைக் காட்டினார்கள். 'ஸ்டாப்' என்ற சொல்லின் நான்கு ஒலிகளையும் தனித்தனியாகச் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்த்துப் படிக்கும்போது 'ஸ்பாட்' என்றிருக்கிறான். எழுத்து தெரியாதவன் அல்ல, ஒலிகளைக் கோப்பதில்தான் அவனுக்குத் தடை. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாட்டின் அறிகுறிகள் என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆறுதல்தான் வந்தது.

அதன்பின் அவனுக்கென ஐ.இ.பி. எனும் தனிநபர் கல்வித் திட்டம் உருவானது. வரைவில் "தேவைக்கேற்ப உதவி" என்று இருந்தது. வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை நிமிடம், யார் கற்பிப்பார் என்று குறிப்பிடும்வரை நான் கையெழுத்திடவில்லை. இந்த இடத்தில் யாரும் கூச்சப்படாதீர்கள். ஆசிரியர்கள் நம்மைப் பகையாக நினைப்பதில்லை. ஆள் பற்றாக்குறையில் அவர்களும் தவிக்கிறார்கள். திட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், நிர்வாகத்திடம் ஆள் கேட்க அவர்களுக்கும் அது பிடிமானம்.

இப்போது சிறு குழுவில் ஒலிப்பயிற்சி நடக்கிறது. திட்டத்தை ஆண்டுக்கொருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். கோடை விடுமுறையிலும் பயிற்சி தொடர வேண்டுமா என்பதையும் பெற்றோரும் ஆசிரியர்களும் அடங்கிய ஐ.இ.பி. குழுவே முடிவு செய்யும். அதற்கான கடிதத்தை இந்த வாரம் கொடுக்கப் போகிறேன்.