உடல் இல்லாத பார்கோடு: அமிர்தி அடிவாரத்து அந்துப்பூச்சிகளோடு பட்ட பாடு

ஜவ்வாது மலை அடிவாரத்தில், அமிர்தி பக்கம் பிடித்த அந்துப்பூச்சிகளுக்கு டிஎன்ஏ பார்கோடிங், அதாவது மைட்டோகாண்ட்ரிய மரபணுத் துண்டு ஒன்றைப் படித்து இனத்தை அடையாளம் காணும் வேலை, செய்யப் போகிறேன் என்றதும் எல்லாரும் ஆய்வகத்தைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வராது, பெருகியதைக் காட்டும் ஜெல்லில் பட்டை விழாது என்றார்கள். ஆனால் பெருக்க வேண்டிய துண்டைப் பிடித்துக்கொடுக்கும் லெப்எஃப்1, லெப்ஆர்1 ப்ரைமர்கள் பெரும்பாலான பூச்சிகளுக்கு முதல் முறையே வேலை செய்தன. ஆய்வகத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. சிக்கல்கள் அதற்கு முன்னும் பின்னும் காத்திருந்தன. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைக் கல்லூரிகளிலிருந்து இதில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

காப்புக்காட்டுக்குள் பூச்சி பிடிக்க அனுமதி கேட்டுப் போன அலுவலகத்தில், பிடிக்கப் போகும் இனங்களின் பெயரையும் எண்ணிக்கையையும் பட்டியலாகக் கேட்டார்கள். பெயர் கண்டுபிடிக்கத்தான் சார் இந்த ஆய்வே என்றேன். "ஏம்மா, பேரே தெரியாத பூச்சிக்கு எப்படிம்மா ஆர்டர் போடறது?" என்று கோப்பை என் பக்கமே தள்ளிவிட்டார் எழுத்தர். அடுத்த தடவை போனபோது அவர் விடுப்பு. பக்கத்து மேசைக்காரருக்கு அந்தக் கோப்பு இருப்பதே தெரியவில்லை. கடைசியில் வழி பிறந்தது குடும்பப் பெயர்களால். எரிபிடே, ஜியோமெட்ரிடே, கிராம்பிடே என்று குடும்பவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையில் உச்சவரம்பு போட்டு, பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள இனம் வந்தால் படம் மட்டும் எடுத்து விட்டுவிடுவோம் என்று ஒரு வரியும் சேர்த்தோம். அந்த மனு நகர்ந்தது. முதல் மனுவையே இப்படி எழுதிக்கொண்டு போங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள்.

கோப்பு தூங்கிய மாதங்களில் ஒடுகத்தூர் பக்கம் ஒரு விவசாயி தன் பட்டா நிலத்தில் விளக்கு போட இடம் கொடுத்தார். வெள்ளை வேட்டியைக் கட்டி புற ஊதா விளக்கைப் போட்டதும், "இன்னாம்மா, ஊர்ப் பூச்சியெல்லாம் என் மல்லாட்டைக்கே வந்துடப்போவுது" என்று நிலக்கடலைப் பயிரை நினைத்துக் கவலைப்பட்டார். மழைக்குப் பின் கிளம்பும் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சிகள் கூட்டமாக அந்த வேட்டியில் வந்து ஒட்டின. அவை செடியில் முட்டை வைப்பதற்குள் பிடித்து அழிக்கலாம் என்று காட்டியபின், மழை பெய்த மறுநாளெல்லாம் அவரே போன் செய்து வரச்சொன்னார். என் மாதிரிகளில் நல்லவை பலவும் அந்த நிலத்தில் கிடைத்தவை.

டிஎன்ஏவுக்காகப் பூச்சியின் காலை எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. வலப்பக்க நடுக்கால் ஒன்று போதும். சில குடும்பங்களில் ஆண் பூச்சியின் பின்னங்காலில் மயிர்க்கற்றை இருக்கும், இனம் பிரிக்க அது தேவைப்படும். அதைத் தொட வேண்டாம். ஆல்கஹாலில் போட்ட குப்பிகளை, தீப்பிடிக்கும் திரவம் என்று கூரியர் கவுன்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உலர்ந்த காலைக் காகித உறையில், சிலிக்கா ஜெல்லோடு வைத்தாலே டிஎன்ஏ நன்றாக வருகிறது. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படியான அனுமதி அது.

சீக்வென்சிங்குக்கு, அதாவது டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்துத் தர, வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினோம். வந்த கோப்புகளைப் பார்த்து மனம் விட்டுப்போயிற்று. பருந்துப்பூச்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒன்று எரிபிடே குடும்பத்தில் போய் நின்றது. நிறுவனத்தாரோ, உங்கள் மாதிரிகள்தான் கலந்துவிட்டன என்றார்கள். என்னைக் காப்பாற்றியது ஒரு பட்டுப்பூச்சி. பட்டு வளர்ப்பவர் ஒருவரிடம் கூடு வாங்கி, அதிலிருந்து வந்த பூச்சியின் காலை, மாதிரிகளை வைத்து அனுப்பும் 96 குழித் தட்டான பிளேட்டில் (ஏ முதல் எச் வரை வரிசைகள், 1 முதல் 12 வரை பத்திகள்) பி3 குழியில் வைத்திருந்தேன். அவர்கள் அனுப்பிய முடிவில் பட்டுப்பூச்சி ஜி10-இல் இருந்தது. பிளேட்டை அரைச்சுற்று திருப்பி வைத்தால் பி3 இருக்கும் இடம் ஜி10. இதைப் படம் வரைந்து அனுப்பியதும் அவர்களிடமிருந்து மறுபேச்சு இல்லை. சரியான பெயர்களோடு கோப்புகள் வந்தன. தெரிந்த பூச்சி ஒன்றை பிளேட்டின் ஒரு ஓரமாக, நடுவைவிட்டு விலக்கி, கட்டாயம் வையுங்கள்.

வரிசை கைக்கு வந்தபின் அதை அமினோ அமிலமாக மொழிபெயர்த்துப் பார்ப்பீர்கள். அப்போது முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டை, அதாவது 5-ஆம் அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான அட்டவணையில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து, புரதம் இங்கே முடிகிறது என்னும் நிறுத்தக் குறியாகத் தெரியும், நல்ல வரிசையைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். எங்கள் மாதிரி ஒன்றில் குரோமேட்டோகிராம், அதாவது எழுத்துகளைக் காட்டும் வரைபடம், அத்தனை சுத்தம், ஆனால் பார்கோடு வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் போல்டு தரவுதளத்தில் எந்த அந்துப்பூச்சியோடும் ஒட்டவில்லை. புது இனம் என்று துறையில் பேச்சு கிளம்பிவிட்டது. எல்லா உயிர்களின் வரிசைகளும் உள்ள ஜீன்பேங்க் தரவுதளத்தில் தேடியபோது வோல்பாக்கியா என்று வந்தது. பூச்சியின் செல்லுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா அது. ப்ரைமர் அதன் மரபணுவைப் பிடித்திருக்கிறது.

இனி பெயர். 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த முறை இது. சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் 658 எழுத்துகளைப் படித்து, ஏற்கெனவே பெயரிட்ட வரிசைகளோடு ஒப்பிடுகிறோம். அந்தப் பெயர்களை யார் வைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கனடா, ஐரோப்பா, கோஸ்டாரிகா பூச்சிகளுக்குத் தரவு குவிந்திருக்கிறது. நம் மலைப் பூச்சிகளுக்கு இருப்பது சொற்பம், இருப்பதிலும் பிழை. என் பழுப்புப் பூச்சி ஒன்று 99 சதவீதத்துக்கு மேல் பொருந்தியது, ஆனால் பொருந்திய பதிவுகளில் வெவ்வேறு பேரினப் பெயர்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரியைத் துளைக்கும் லூசினோடஸ் ஆர்போனாலிஸ் என்ற பெயரிலேயே ஆப்பிரிக்கத் துளைப்பானையும் நெடுங்காலம் அழைத்தார்கள். 2015-இல் உடலையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்தபோது அங்கே இருந்தவை வேறு இனங்கள், அதுவும் பல. கோஸ்டாரிகாவில் டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியலாளர்கள் இருவரும் புழுவையும் தீனிச் செடியையும் பூச்சி உடலையும் சேர்த்தே வைத்திருந்ததால்தான் அவர்களுடைய பார்கோடுகளை இன்றும் எடுத்து விவாதிக்க முடிகிறது.

எனக்கு ஆறாதது இதுதான். சாம்பல் நிறச் சிறு பூச்சி ஒன்று போல்டில் எதனோடும் 92 சதவீதத்தைத் தாண்டவில்லை. வரிசையில் நிறுத்தக் குறி இல்லை, வோல்பாக்கியாவும் இல்லை. வயிற்றை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம் என்று பெட்டியைத் தேடினேன். சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் பெட்டிகளைக் கீழ்த்தள ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள். அந்துருண்டை தீர்ந்து, வண்டுப் புழு புகுந்திருந்தது. குண்டூசி இருந்தது, சீட்டு இருந்தது, இறக்கைத் துணுக்கு இருந்தது. வயிறு இல்லை. உறைபெட்டியில் டிஎன்ஏ பத்திரமாக இருந்து என்ன செய்ய? அது யாருடையது என்று காட்ட உடல் வேண்டுமே. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரம் ஒடுகத்தூரிலிருந்து போன் வந்தது. அதே வேட்டியில் அதே சாம்பல் பூச்சி, இம்முறை ஆண். பழைய வரிசைக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள். வயிற்றைப் பிரித்து ஸ்லைடு போட்டாயிற்று. 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி ஹாம்ப்சன் எழுதிய நான்கு தொகுதிகளில் இறக்கை நரம்பு வரைக்கும்தான் ஒப்பிட முடிந்தது. இனப்பெருக்க உறுப்பைக் கொண்டு அவர் இனம் பிரிக்கவில்லை. இனி மூல மாதிரிகளோடு, அதாவது இனத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த பூச்சிகளோடு, ஒப்பிட வேண்டும். இந்தியப் பூச்சிகளின் மூல மாதிரிகள் நிறைய லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதால், படம் கேட்டுக் கடிதம் தயார் செய்கிறேன். பூச்சி, கால் உறை, வயிற்றுக் குப்பி, ஸ்லைடு நான்குக்கும் ஒரே எண். பெட்டிகளை என் கையெழுத்து இல்லாமல் நகர்த்தக் கூடாது என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கி, பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.