சீட்டு எழுதக் கற்ற வருடம்

மதுரை சிம்மக்கல்லில் மாமாவின் மெடிக்கல்ஸில் இரண்டு வருடம் நின்றேன். அந்த இரண்டு வருடத்தில் மருந்து கேட்டு வந்த ஒருவரைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை. நடுவில் கண்ணாடி கவுன்டர் இருக்கும். "தம்பி, காய்ச்சலா இருக்கு, மூணு வேளைக்குக் குடு" என்பார்கள். அட்டையைக் கத்தரித்து, கவரில் போட்டு, காலை, இரவு என்று எழுதிக் கொடுப்போம். ஆன்டிபயாடிக்கும் அப்படிப் போனதுண்டு. அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்பது பி.பார்ம் படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சண்டர்லாந்துக்கு வந்தது மேற்கொண்டு படிக்கத்தான். வெளிநாட்டுப் பார்மசிஸ்ட்டுகளுக்கு இங்கே ஆஸ்பாப் என்று ஒரு வருடப் படிப்பு உண்டு. அப்புறம் 52 வாரப் பயிற்சி, அதன்பின் பதிவுத் தேர்வு. எல்லாம் முடிந்து ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். இந்த ஊர்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும் "பெட்" என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் "கண்ணு" என்பதுபோல. தனியாக வந்தவனுக்கு அந்த ஒரு சொல் பெரிய ஆறுதல்.

கடையில் இருக்கும்போதுதான், பார்மசிஸ்ட்டும் சீட்டு எழுதலாம் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டேன். 2003ல் ஒரு நோயாளிக்காக டாக்டரோடு சேர்ந்து போட்ட சிகிச்சைத் திட்டத்துக்குள் மட்டும் எழுத விட்டார்கள். 2006ல் தனியாகவே எழுதும் உரிமை வந்தது. 2012ல் மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கும் அது விரிந்தது. ஆனால் பட்டம் இருந்தால் மட்டும் போதாது. தனிப் படிப்பு ஒன்றை முடிக்க வேண்டும். அதில் 90 மணி நேரமாவது, ஏற்கெனவே சீட்டு எழுதிப் பழகிய ஒருவரின் பக்கத்தில் இருந்து நோயாளிகளைப் பார்க்க வேண்டும்.

அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பல கிளினிக்குகளுக்கு எழுதினேன். சிலர் முடியாது என்றார்கள், பலர் பதிலே போடவில்லை. முன்பு டாக்டர்தான் மேற்பார்வையாளராக இருக்க முடியும். பிறகு விதி மாறி, அனுபவமுள்ள நர்ஸோ பார்மசிஸ்ட்டோ இருக்கலாம் என்று ஆனது. எனக்குக் கிடைத்தவர் ஒரு மூத்த நர்ஸ். வயதில் என் அம்மாவை ஒத்தவர். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாயே வரவில்லை. மேடம் என்றால் சிரிப்பார்.

நான் எடுத்துக்கொண்ட துறை ரத்த அழுத்தம். மருந்துகள் எனக்கு மனப்பாடம். 55 வயதுக்குக் கீழே பெரும்பாலும் ராமிப்ரில் வகை, அதற்கு மேலே அம்லோடிபின் வகை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பிபி பட்டையைச் சுற்றி, ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து, அந்தத் துடிப்பு எங்கே கேட்கத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று பிடிக்க எனக்கு வாரக்கணக்கில் ஆனது.

ஒருநாள் எழுபது தாண்டிய ஒருவர் வந்தார். 1980களின் இறுதியில் மூடப்பட்ட இந்த ஊர்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். அம்லோடிபின் எழுதிக் கொடுத்து மாதங்கள் ஆகியும் பிபி 162/94. இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்று நர்ஸிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இருக்கிற மாத்திரையைச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாயா?"

கேட்டேன். முதலில் தலையாட்டினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கால் வீங்குகிறது, ஷூ நுழையவில்லை, அதனால் நிறுத்திவிட்டேன் என்றார். அவர் செருப்பில் வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும் என்பது எத்தனையோ பரீட்சையில் நான் எழுதிய விடை. மூச்சு வாங்குகிறதா, மல்லாந்து படுக்க முடிகிறதா என்றும் கேட்கச் சொன்னார் நர்ஸ். இதயக் கோளாறாலும் கால் வீங்கும் அல்லவா. அப்படி எதுவும் இல்லை. பழைய மாத்திரைக்குப் பதிலாக இண்டாபமைடு எழுதி, உப்புச் சத்துகளுக்கு ரத்தப் பரிசோதனையும் போட்டோம். கையெழுத்து நர்ஸுடையது, எனக்கு அப்போது உரிமை இல்லை. அடுத்த முறை வந்தபோது பெரியவர் தோல் ஷூ போட்டிருந்தார். பிபி 138/82.

மதுரையில் என்னிடம் வந்தவர்களில் எத்தனை பேரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பேன்?

தேறியபின், சீட்டு எழுதத் தகுதியுள்ளவர் என்ற குறிப்பு பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் ஏறியது. யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். இப்போது அதே கிளினிக்கில் பிபி நோயாளிகளைப் பார்க்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத நோய்க்கு எழுத மாட்டேன். எழுதியவரே மருந்தையும் எடுத்துக் கொடுக்காமல், முடிந்தவரை இன்னொருவர் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே முறை. அந்த இரண்டாவது ஜோடிக் கண்ணின் மதிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, சைனஸ், அக்கி, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று உள்பட ஏழு தொல்லைகளுக்கு டாக்டரிடம் போகாமலே மருந்துக்கடையில் சிகிச்சை பெறலாம். அதற்கு வயது வரம்புகள் உண்டு. சீட்டு எழுதும் உரிமை இல்லாத பார்மசிஸ்ட்டும் வகுத்துவைத்த நெறிமுறைப்படி இதைச் செய்யலாம். தயங்காமல் கேளுங்கள்.

2021ல் வந்த புதிய பயிற்சி விதிகளின்படி, 2026 முதல் இங்கே பயிற்சி முடித்துப் பதிவாகும் பார்மசிஸ்ட்டுகள் முதல் நாளிலிருந்தே சீட்டு எழுதுவார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த 90 மணி நேரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைக்க ஆள் வேண்டுமே! நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராத நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு பயிற்சி மாணவியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வருகிறாள். முதல் வாரம் மருந்துப் பேச்சே கிடையாது. பட்டை சுற்றவும், கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்துப் பள்ளம் விழுகிறதா என்று பார்க்கவும் சொல்லித்தரப் போகிறேன்.