கான்ஸ்டன்டைன் வளைவும் 40 யூரோ டாக்ஸியும்

"இந்தக் காலத்துக்குள்ள ரோமானியர்களுக்குச் சிலை செதுக்கவே மறந்துபோச்சு." கொலோசியம் வாசலில் ஒரு கைடு கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவைக் காட்டி இப்படிச் சொல்லிவிட்டு, கும்பலை அப்படியே ஐஸ்கிரீம் கடைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். ரோமில் எங்கே தங்கலாம், எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த எரிச்சல் விடமாட்டேன் என்கிறது.

வளைவைப் பார்க்கக் காசு இல்லை. வேலிக்கு வெளியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கொலோசியத்துக்குத் தலைக்கு 18 யூரோ அழுத பிறகு அதுவே பெரிய ஆறுதல். 312இல் மில்வியன் பாலத்தருகே போட்டிப் பேரரசர் மாக்சென்டியஸைத் தோற்கடித்ததற்காக, 315இல் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு எடுத்த வளைவு இது. கொலோசியத்தைப் பார்த்த பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள். வட்ட வட்டமாக வேட்டையும் பலியும் செதுக்கிய பலகைகள். குதிரையின் கழுத்துத் திருப்பம், துணி மடிப்பு எல்லாம் அப்படி ஒரு நேர்த்தி! அவை 2ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் செய்தவை. வேறெங்கிருந்தோ பெயர்த்து வந்து, பேரரசர் முகத்தை மட்டும் மாற்றிச் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். டிராஜன், மார்க்கஸ் அரேலியஸ் என்ற பழைய பேரரசர்கள் காலத்துச் சரக்கும் உண்டு.

அந்த வட்டங்களுக்குக் கீழே ஓடும் ஒடுங்கிய பட்டைதான் கான்ஸ்டன்டைன் காலத்துச் சொந்த வேலை. குட்டை உடம்பு, பெரிய தலை, மடிப்பு என்ற பெயரில் துளைக்கருவி இழுத்த கோடுகள். ஓவியர் ரஃபேலே 1519 வாக்கில் போப்புக்கு எழுதிய கடிதத்தில் வளைவின் கட்டுமானத்தைப் பாராட்டிவிட்டு இந்தச் சிற்பங்களைத் திட்டியிருக்கிறார். கைடை மட்டும் குறை சொல்லி என்ன!

ஆனால் அந்தப் பட்டையில் பேரரசர் ஜனங்களுக்குக் காசு வழங்கும் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நட்டநடுவில் பேரரசர், கருவறைச் சாமி மாதிரி நம்மை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தலை உடைந்துபோயிருக்கிறது, அப்படியும் யார் பெரியவர் என்பதில் சந்தேகமே வராது. மேல் அறைகளில் அதிகாரிகள் பணம் எண்ணிக் கணக்கெழுத, கீழே ஜனங்கள் கையைத் தூக்கி நிற்கிறார்கள். யார் எவ்வளவு உயரம் என்பதை உடற்கூறு தீர்மானிக்கவில்லை, பதவி தீர்மானிக்கிறது. "அண்ணா, அங்கயும் கணக்கு எழுத ஆள் இருக்கு பாரு" என்றாள் தங்கச்சி. அவள் கையில் எங்கள் செலவு நோட்டு.

மறந்துபோச்சாம்! அதே ஆண்டுகளில் எழுந்த மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பெரிய நீதிமன்ற மண்டபம், அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. மாக்சென்டியஸ் 308இல் தொடங்கி, கான்ஸ்டன்டைன் முடித்தது. நடுக்கூடத்தின் கான்கிரீட் கூரை சுமார் 35 மீட்டர் உயரத்தில் இருந்ததாம். இன்று ஒரு பக்கத்து மூன்று வளைகூரைகள்தான் மிச்சம், அதற்கே கழுத்து வலிக்கிறது. குளியல் மண்டபங்களுக்குப் போடும் கூரையை நீதிமன்றக் கட்டடத்துக்குப் போட்டவர்களுக்கா கை வராமல் போயிற்று? அவர்களுக்கு வேண்டியது வேறாகிவிட்டது, அவ்வளவுதான்.

மதியம் அந்தப் பக்கமே ஒரு கடையில் உட்கார்ந்தோம். நாங்கள் கேட்காத ரொட்டிக்கும் சேர்த்து பில் வந்தது. அந்தப் பகுதியில் உட்காரவே உட்காராதீர்கள். சாயங்காலம் ஒரு சந்துக் கடையில் சுப்ளி சாப்பிட்டோம். தக்காளியில் வெந்த அரிசியை உருட்டி, உள்ளே சீஸ் வைத்துப் பொரித்தது. பிய்த்தால் சீஸ் நூலாக இழுக்கிறது. இறைச்சி சேர்த்தும் செய்வார்கள், சைவர்கள் கேட்டு வாங்கவும். நான் கணக்கு வைக்கவில்லை, தங்கச்சி வைத்திருப்பாள்.

மறுநாள் பஸ் ஸ்டிரைக். சான்டா கோஸ்டான்சா என்ற பழைய கல்லறைக்குப் போக டாக்ஸி கேட்டால், மீட்டர் கிடையாதாம், 40 யூரோவாம். மூன்று கிலோமீட்டர்கூட முழுசாக வராத தூரத்துக்கு! "நடப்போம்" என்றாள். நடந்தது நல்லதாகப் போயிற்று. போர்ட்டா பியா வாசலருகே, பேரரசர் அரேலியன் எழுப்பிய நகர மதில் குறுக்கிட்டது. 271இல் தொடங்கிய, 19 கிலோமீட்டர் நீளச் செங்கல் மதில். பல நூற்றாண்டுகள் புது மதிலே தேவைப்படாமல் இருந்த தலைநகர் அது. பயம் வந்த பிறகு கட்டியது என்று பார்த்தாலே தெரிகிறது.

சான்டா கோஸ்டான்சா, கான்ஸ்டன்டைனின் மகளுக்காக 4ஆம் நூற்றாண்டில் எழுந்த வட்டக் கல்லறை. வெளியே வெறும் செங்கல், அழகு என்று ஒன்றுமே இல்லை. உள்ளே நுழைந்ததும் 12 ஜோடித் தூண்கள், நடுவில் மேலிருந்து கொட்டும் வெளிச்சம், சுற்றுப்பாதையின் கூரை முழுக்க மொசைக். திராட்சைக்கொடி, மாட்டுவண்டி, பழம் மிதிக்கும் பையன்கள். பழைய மதத்துக்காரன் வந்தால் மதுக்கடவுள் பாக்கஸ் என்பான், கிறிஸ்தவன் வந்தால் திருப்பலித் திராட்சரசம் என்பான். இருவருக்கும் பொருந்துகிற படமாகப் பார்த்து வைத்த கெட்டிக்காரனை என்ன சொல்ல! பிற்காலத்தில் இதை பாக்கஸ் கோயில் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். வெளிப்பகட்டை விட்டுவிட்டு உள்ளே ஒளியும் நிறமுமாக இழைக்கும் இந்தப் புத்தி எனக்கு கொலோசியத்தைவிடப் பிடித்தது. மதியம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

ரயிலுக்கு நேரம் இருந்தால் டெர்மினி நிலையத்துக்கு எதிரே சான்டா மரியா தெலி ஆஞ்சலி தேவாலயத்துக்குள் பெட்டியோடு நுழைந்துவிடுங்கள். பேரரசர் டயோக்ளீஷியன் பெயரிலான குளியல் மாளிகையின் பெரிய கூடம் அது. 1560களில் மிக்கேலாஞ்சலோ தேவாலயமாக மாற்றியதால் கூரை பிழைத்தது. மாக்சென்டியஸ் பசிலிக்காவின் இடிந்துபோன கூரை எப்படி இருந்திருக்கும் என்பதை இங்கே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.