கிடுகு வேலியும் கிணறும் உள்ள இஞ்சி பிஸ்கற் வீடு

நத்தாருக்கு முந்திய வாரம் அக்காவின் பிள்ளைகள் மூவரும் யாழ்ப்பாணத்துக் குருநகருக்கு வந்து சேர்ந்துவிட்டால், பயத்தம் பணியாரமும் கேக்கும் முடிந்த கையோடு எங்கள் குசினியில் தொடங்கும் பெரிய வேலை, இஞ்சி பிஸ்கற்றால் வீடு கட்டுவதுதான். இது ஜேர்மனியில் வேரூன்றிய வழக்கம். 1812 இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட 'ஹான்சலும் கிரெத்தலும்' கதையிலோ, சூனியக்காரியின் வீட்டுக்குப் பாணால் சுவர், கேக்கால் கூரை, சீனியால் சன்னல். இதைச் சொன்னபோது, "பாண் எண்டால் கட்டச் சுகம், சித்தி" என்றான் சின்னவன். அவன் பேச்சை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

முதல் வருடம் தவறு முழுவதும் என்னுடையது. ஊர் மணம் இருக்கட்டும் என்று சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கரைத்து, இஞ்சி, கறுவா, கராம்புத் தூளோடு மாவைக் குழைத்தேன். வாசனை தெருப் படலை வரை போயிற்று. ஆனால் மார்கழி என்பது இங்கே வடகீழ்ப் பருவமழைக் காலம். பனங்கட்டியிலுள்ள குளுக்கோசும் பிரக்டோசும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை. சுவர்கள் பதமாகி வளைய, ஐசிங் இறுகுவதற்கு முன்பே வைத்த கூரை பிள்ளைகளின் கண்முன்னே மெல்லச் சறுக்கி மேசையில் படுத்துவிட்டது. அழுகை எதுவும் எழவில்லை; கூரையை உடனே தின்றுவிட்டார்கள்.

இப்போது வெள்ளைச் சீனிதான். துண்டுகளை வெதுப்படுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஓரங்களை நேராக வெட்டி, மீண்டும் குறைந்த சூட்டில் உலரவிடுகிறேன். ஒரு முட்டை வெள்ளைக்கருவுக்கு ஏறத்தாழ 200 கிராம் ஐசிங் சீனியும் சில துளி தேசிக்காய்ப் புளியும் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் அதன் நுனி சாயாமல் நிற்கும்வரை அடிக்கவேண்டும். அடித்த கிண்ணத்தை ஈரத்துணியால் மூடாவிட்டால் மேலே ஏடு கட்டிவிடும். முந்திய நாள் மாலையே சுவர்களை ஒட்டி, பால்மாப் பேணிகளை உள்ளும் புறமும் முட்டுக் கொடுத்து இரவு முழுவதும் விட்டு, காலையில்தான் கூரை ஏற்றுகிறேன். இந்த வேலையில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. பொறுமையை அவர்களிடம் எதிர்பார்ப்பது வீண்; என்னிடமே அது குறைவு.

அலங்காரம் முழுக்க அவர்களுடையது. மூத்தவள் வேபர்ஸ் பிஸ்கற்றின் கட்டம் கட்டமான மேற்பரப்பை உற்றுப் பார்த்துவிட்டு, "இது கிடுகு மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டைச் சுற்றி வேபர்ஸ் கிடுகு வேலிதான் நிற்கிறது. நடுவே ஒரு படலையும் உண்டு. கிணறு இல்லாமல் வீடு எப்படி என்று நடுவிலவன் கேட்டதால், நடுவில் துளையுள்ள வட்ட இனிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிணறு கட்டினோம். கூரையில் தேங்காய்ப்பூவை உலர்த்தித் தூவினால் பனி என்று நான் சொல்ல, பனியையே கண்டிராத சின்னவன் அதைப் புட்டு என்று தீர்மானித்துவிட்டான். பல்லி முட்டை இனிப்புகளில் பாதி சுவரிலும் பாதி வாயிலும் போயின.

மழையை வென்றாலும் எறும்பு விடாது. அம்மம்மா அந்த நாளில் சாப்பாட்டு அலுமாரியின் கால்களைத் தண்ணீர்ப் பேணிகளுக்குள் வைத்திருந்ததை நினைத்து, ஒரு பெரிய தட்டத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே கவிழ்த்த சட்டியின்மேல் வீட்டை ஏற்றினேன். அகழி சூழ்ந்த கோட்டை என்று பிள்ளைகள் காகிதத் தோணி விட்டார்கள்.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் உடைக்கலாம் என்பது ஏற்பாடு. கோவிலால் திரும்பி விளக்கைப் போட்டபோது வேலி, கூரை, படலை எல்லாம் இருந்தன. கிணற்றை மட்டும் காணவில்லை. சின்னவனின் கையுறைபோல் நீண்ட சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது.